இணைய முகவரியிலிருந்து டொமைன் பெயர் சரியாக வரவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் முறை

இணைய முகவரிகள் அடங்கிய நீண்ட பட்டியலிலிருந்து டொமைன் பெயரை மட்டும் ரீஜெக்ஸ் (உரையில் தேட வேண்டிய வடிவத்தைக் குறிகளால் எழுதும் முறை) கொண்டு பிரித்தெடுக்க முயல்பவர்கள் பெரும்பாலும் ஒரே சில இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். உங்கள் திரையில் தெரியும் தவறு எதுவோ அதற்குரிய தலைப்புக்கு நேராகச் சென்றுவிடலாம். ஆனால் அதற்கு முன், ஏறத்தாழ எல்லாப் பிழைகளுக்கும் வேராக இருக்கும் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். டொமைன் பெயரில் எந்தெந்த எழுத்துகள் வரலாம் என்று பட்டியல் போடத் தொடங்கினால் அந்தப் பட்டியல் முடியவே முடியாது. எந்தக் குறி வந்தால் பெயர் முடிந்துவிட்டது என்பதைச் சொன்னால் போதும். அந்தக் குறிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இணைய முகவரியின் இலக்கணத்தை வகுக்கும் ஆர்எஃப்சி 3986 என்ற தரநிலை ஆவணம், டிம் பெர்னர்ஸ்-லீ, ராய் ஃபீல்டிங், லாரி மசிண்டர் ஆகிய மூவர் எழுதி 2005 ஜனவரியில் வெளியானது. அதன் இரண்டாம் பின்னிணைப்பிலேயே ஒரு ரீஜெக்ஸ் தரப்பட்டிருக்கிறது:

^(([^:/?#]+):)?(//([^/?#]*))?([^?#]*)(\?([^#]*))?(#(.*))?

இதில் எந்த மொழியின் எழுத்தும் ஒன்றுகூட இல்லை, நிறுத்தும் குறிகள் மட்டுமே இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். நான்காவது குரூப்பில், அதாவது நான்காவதாகத் திறக்கும் ( ) அடைப்புக்குள், வந்து விழுவதுதான் அத்தாரிட்டி எனப்படும் பகுதி. டொமைன் பெயர் அதற்குள்தான் இருக்கிறது. இதை அடிப்படையாகக் கொண்டு நான் அன்றாடம் பயன்படுத்தும் பேட்டர்ன் இது:

^(?:[^:/?#]+:)?//(?:[^/?#\\]*@)?(\[[^\]]*\]|[^/?#:\\]+)

(?: என்று தொடங்கும் அடைப்புகள் குரூப்பாக எண்ணப்படுவதில்லை; முதல் குரூப்பில் வருவதே விடை. கீழே சோதனை முகவரியாக ‘உதாரணம்.பரிட்சை’ என்ற பெயரை எடுத்துக்கொள்கிறேன். 2007-இல், டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு பிறமொழி டொமைன் பெயர்களைச் சோதித்துப் பார்க்கத் தேர்ந்தெடுத்த பதினொன்றில் தமிழுக்கு உரிய பெயர் அதுதான். சோதனை முடிந்த பின்னர் அது நீக்கப்பட்டுவிட்டதால், எடுத்துக்காட்டாகப் பயன்படுத்துவதில் எவருக்கும் இடையூறு இல்லை. நெறிமுறைப் பெயரையும் தமிழ் எழுத்திலேயே ‘எச்டிடிபிஎஸ்’ என்று எழுதியிருக்கிறேன். உண்மையான முகவரிகளில் அது ஆங்கில எழுத்தில்தான் இருக்கும் என்றாலும், எழுத்தே இல்லாத பேட்டர்னுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அறிகுறி: எதுவும் பிடிபடவில்லை, அல்லது பிடிபட்டது வெற்றாக இருக்கிறது

முதலில் முகவரியின் தொடக்கத்தைப் பாருங்கள். மக்கள் கைப்பட எழுதித் தரும் பட்டியல்களில் நெறிமுறைப் பெயர் இருப்பதே இல்லை, ‘உதாரணம்.பரிட்சை/நூலகம்’ என்றுதான் இருக்கும். அதில் இரட்டைச் சாய்கோடு இல்லாததால், ஆர்எஃப்சியின் பேட்டர்ன் பொருந்தியதாகவே அறிவிக்கும், ஆனால் நான்காவது குரூப் வெற்றாக இருக்கும். முழு முகவரியும் பாதைக்குரிய ஐந்தாவது குரூப்பில் போய் உட்கார்ந்திருக்கும். இதைவிட வஞ்சகமானது ‘உதாரணம்.பரிட்சை:8080/நூலகம்’ என்ற வடிவம். முதல் முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பதையெல்லாம் நெறிமுறைப் பெயர் என்று பேட்டர்ன் எடுத்துக்கொள்வதால், டொமைன் பெயர் இரண்டாவது குரூப்பில் கிடைக்கும்.

தீர்வு எளிது. ^(?:[^:/?#]+:)?// என்பது பொருந்தாத வரிகளுக்கு மட்டும் முன்னால் இரண்டு சாய்கோடுகளை ஒட்டிவிட்டு, பிறகு பேட்டர்னை ஓட்டுங்கள். மின்னஞ்சல் முகவரிகளும் பட்டியலில் கலந்திருந்தால் அவற்றை முன்பே பிரித்து ஒதுக்கிவிட வேண்டும்.

தொடக்கத்தைக் குறிக்கும் தொப்பிக்குறியை (^) விட்டுவிட்டு வெறும் இரட்டைச் சாய்கோட்டைத் தேடுபவர்களுக்கு இன்னொரு விபத்து காத்திருக்கிறது. ‘உதாரணம்.பரிட்சை/போ?இலக்கு=எச்டிடிபிஎஸ்://வேறு.பரிட்சை/’ என்ற முகவரியில் ரீஜெக்ஸ் முதலில் சந்திக்கும் இரட்டைச் சாய்கோடு கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பது. எனவே ‘வேறு.பரிட்சை’ என்ற, கேட்கப்படாத தளத்தின் பெயர் விடையாக வரும். விடை வடிவத்தில் சரியாக இருப்பதால் இந்தத் தவறு கண்ணில் படாமலே போய்விடும்.

அறிகுறி: டொமைன் பெயரோடு பாதையும் சேர்ந்து வருகிறது

உங்கள் பேட்டர்ன் //(.*)/ என்பதாக இருக்கும். புள்ளியும் நட்சத்திரமும் (.*) சேர்ந்தால் முடிந்த வரை அள்ளிக்கொள்ளும். கடைசிச் சாய்கோடு வரை போய்த்தான் நிற்கும். ‘எச்டிடிபிஎஸ்://உதாரணம்.பரிட்சை/நூல்/பக்கம்/’ என்பதிலிருந்து ‘உதாரணம்.பரிட்சை/நூல்/பக்கம்’ வருவது அதனால்தான். இதைச் சரிசெய்யப் பலரும் நட்சத்திரத்துக்குப் பின் ஒரு கேள்விக்குறியைச் சேர்த்து அதன் ஆசையைக் குறைக்கிறார்கள். //(.*?)/ என்பது மேற்கண்ட முகவரிக்குச் சரியான விடையைத் தரும். ஆனால் பாதையே இல்லாத ‘எச்டிடிபிஎஸ்://உதாரணம்.பரிட்சை’ என்பதில் முடிவில் சாய்கோடு இல்லாததால் எதுவும் பொருந்தாது; ‘எச்டிடிபிஎஸ்://உதாரணம்.பரிட்சை?வழி=/நூல்/’ என்று வந்தாலோ ‘உதாரணம்.பரிட்சை?வழி=’ என்று கேள்விக்குறியையும் தாண்டிப் பிடிக்கும். இறுதிச் சாய்கோட்டையும் நீக்கிவிட்டு //(.*?) என்று எழுதினால் விடை எப்போதும் ஒரு எழுத்தும் இல்லாத வெற்றுச் சரமே. ஆசையைக் கூட்டியும் குறைத்தும் விளையாடுவதை விட்டுவிட்டு, [^/?#]+ என்று நிற்க வேண்டிய இடங்களை நேரடியாக எழுதுங்கள். சதுர அடைப்புக்குள் தொப்பிக்குறியோடு தொடங்கும் இந்தத் தடைப்பட்டியல், தன்னுள் உள்ள குறிகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடிக்கும்.

அறிகுறி: போர்ட் எண் ஒட்டிக்கொள்கிறது, அல்லது தளத்துக்குப் பதில் பயனர் பெயர் வருகிறது

முக்காற்புள்ளிக்குப் பின் வரும் போர்ட் எண்ணை (‘:8080’ போன்றது) விலக்க முக்காற்புள்ளியையும் தடைப்பட்டியலில் சேர்த்து [^/?#:]+ என்று எழுதுவது இயல்பான அடுத்த படி. அது பெரும்பாலான முகவரிகளுக்குப் போதும். ‘எச்டிடிபிஎஸ்://பயனர்:சொல்@உதாரணம்.பரிட்சை/’ வந்தால் மட்டும் ‘பயனர்’ என்பதை டொமைன் என்று தந்துவிடும். அட் குறிக்கு (@) முன்னால் இருப்பதெல்லாம் பயனர் விவரம். அதற்குப் பின்னால் இருப்பதே தளம். அதனால்தான் என் பேட்டர்னில் (?:[^/?#\\]*@)? என்ற பகுதி இருக்கிறது. அது கடைசி அட் குறி வரை விழுங்குகிறது. உலாவிகளும் அப்படித்தான் கணக்கிடுகின்றன. பாதையில் வரும் அட் குறியால் இதற்குத் தொல்லை இல்லை, ஏனென்றால் சாய்கோட்டைத் தாண்ட அதற்கு அனுமதி கிடையாது.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இது வெறும் கணக்குப் பிழையாக முடிவதில்லை. ‘எச்டிடிபிஎஸ்://வங்கி.பரிட்சை@மோசடி.பரிட்சை/’ என்ற முகவரி மோசடித் தளத்துக்கே போகும். முதலில் தென்படும் பெயரைப் பார்த்து அனுமதிக்கும் வடிகட்டி ஏமாந்துவிடும். அடுத்து, ‘எச்டிடிபிஎஸ்://மோசடி.பரிட்சை\@வங்கி.பரிட்சை/’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்எஃப்சியின் பேட்டர்ன் பின்சாய்கோட்டை (\) பொருட்படுத்தாது. எனவே அட் குறிக்கு முன்னுள்ளதைப் பயனர் விவரம் என்று தள்ளிவிட்டு, வங்கியின் பெயரையே எடுத்துத் தருவோம். உலாவிகளோ இத்தகைய முகவரிகளில் பின்சாய்கோட்டையும் சாய்கோடாகவே கருதி, மோசடித் தளத்துக்குச் சென்றுவிடும். சோதிப்பவர் ஒரு பெயரைப் படிக்க, போகிறவர் இன்னொரு பெயரைப் படிக்கும் இந்த இடைவெளியில்தான் தாக்குதல் நுழைகிறது. என் பேட்டர்னில் பின்சாய்கோட்டை இரண்டு தடைப்பட்டியல்களிலும் சேர்த்திருப்பது இதற்காகவே. என்றாலும், அனுமதிப்பதா மறுப்பதா என்ற பாதுகாப்பு முடிவு டொமைன் பெயரைச் சார்ந்திருக்குமானால் ரீஜெக்ஸை நம்பாதீர்கள். முகவரியைத் திறக்கப் போகும் அதே நிரல் நூலகத்திடமே ஹோஸ்ட் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

விடையாக ஒற்றைச் சதுர அடைப்பு மட்டும் வந்தால், அங்கே இருப்பது பெயருக்குப் பதில் எண்களால் ஆன ஐபிவி6 முகவரி. ‘எச்டிடிபி://[::1]:8080/’ என்பதில் அடைப்புக்குள்ளேயே முக்காற்புள்ளிகள் இருப்பதால் முதல் முக்காற்புள்ளியில் பிடி அறுந்துவிடுகிறது. \[[^\]]*\] என்ற மாற்று வழியை முதலில் முயலச் சொல்வதே மருந்து.

அறிகுறி: தமிழ்ப் பெயர்கள் துண்டு துண்டாக உடைகின்றன

‘இந்தியா’, ‘இலங்கை’, ‘சிங்கப்பூர்’ என்று முடியும் மூன்று மேல்நிலை டொமைன்கள் (பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் பகுதிகள்) தமிழ் எழுத்தில் இருக்கின்றன. ஆகவே இது ஏட்டளவிலான சிக்கல் அன்று. பின்சாய்கோட்டையும் டபிள்யூ எழுத்தையும் சேர்த்து எழுதும் ‘சொல்லெழுத்து’ச் சுருக்கத்தைப் பயன்படுத்தியிருந்தால், ஜாவாஸ்கிரிப்டில் ஒரு தமிழ் எழுத்தும் பிடிபடாது, அங்கே அந்தச் சுருக்கம் ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. பைத்தானில் நிலைமை இன்னும் குழப்பமானது. ‘உதாரணம்.பரிட்சை’ என்பதிலிருந்து அது ‘உத’, ‘ரணம’, ‘பர’, ‘ட’, ‘ச’ என்று ஐந்து துண்டுகளைத் தருகிறது. துணைக்கால், புள்ளி, கொம்பு, சங்கிலிக்கொம்பு போன்ற குறிகள், எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் எழுத்துகளாக வகைப்படுத்தப்படவில்லை, சேர்ப்புக் குறிகளாகவே வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. பைத்தானோடு வரும் ரீஜெக்ஸ் கூறு அவற்றைச் சொல்லெழுத்தாக ஏற்பதில்லை. நாம் ஒரே எழுத்தாகப் படிக்கும் ‘ரி’ அதற்கு ஒரு எழுத்தும் ஒரு குறியும்.

சிலர் தமிழுக்குரிய யூனிகோட் பகுதியை, அதாவது பதின்ம எண்ணில் 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்களை, வரம்பாகக் கொடுத்து ஒப்பேற்றுகிறார்கள். தமிழுக்கு அது சரிதான். மறுநாளே பட்டியலில் ஒரு இந்தி முகவரியோ சிங்கள முகவரியோ வந்து நிற்கும். தடைக்குறிகளால் எழுதிய பேட்டர்ன் எந்த மொழிக்கும் மாற்றமில்லாமல் வேலை செய்வதால், இந்தச் சிக்கலுக்கென்று தனி மருந்தே தேவையில்லை.

அறிகுறி: ஒரே பெயர் இரண்டு முறை எண்ணப்படுகிறது

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்களைக் கணினி வேறு வேறாக எண்ணினால், நான் முதலில் செய்வது இரண்டின் நீளத்தையும் அச்சிட்டுப் பார்ப்பது. பைத்தானில் ‘உதாரணம்.பரிட்சை’ என்பதன் நீளம் 15: முன்பகுதியில் 7, புள்ளி 1, பின்பகுதியில் 7. ஒரு மாலை முழுவதும் தேடியும் பிடிபடாத ஒரு பிழையில் அந்த எண் 16 என்று வந்தபோதுதான் எனக்கு விளங்கியது. விண்டோஸில் சேமித்த கோப்பில் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் புதுவரிக் குறிக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குறி இருக்கும். பாதை இல்லாத முகவரிகளில் தடைப்பட்டியல் அதையும் பெயரோடு சேர்த்துப் பிடித்துவிடும். பேட்டர்னை ஓட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு வரியின் இரு முனைகளையும் வெட்டிச் சுத்தம் செய்துவிட்டால் இது தீரும்.

நீளம் வேறு காரணத்தாலும் மாறலாம். ‘தொ’ என்பதை ஒரே ஒகரக் குறியாலும் எழுதலாம், கொம்பையும் துணைக்காலையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. டொமைன் பெயர்களுக்கான விதி, என்எஃப்சி என்ற ஒருங்கிணைந்த வடிவத்தையே ஏற்கிறது. ஆகவே ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் அந்த வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இதே போல, எக்ஸ், என் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோடும் இரண்டு இணைப்புக்கோடுகளோடும் தொடங்கும் புரியாத பெயர்கள் உங்கள் பட்டியலில் இருந்தால், அவை தமிழ் உள்ளிட்ட பிறமொழிப் பெயர்களை ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் எழுதும் ப்யூனிகோட் வடிவங்கள். பெயரைக் கொண்டு தளத்தைக் கண்டுபிடிக்கும் டிஎன்எஸ் அமைப்பு அந்த வடிவத்தில்தான் அவற்றை அறியும். இரண்டில் எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் அதற்கே மாற்ற வேண்டும். ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக்குவதும், பெயரின் கடைசியில் தொங்கும் தனிப் புள்ளியை நீக்குவதும் இதே துப்புரவில் அடங்கும்.

அறிகுறி: கட்டுரைக்குள் இருக்கும் முகவரியை எடுக்கும்போது வால் நீள்கிறது

வரிக்கு ஒரு முகவரி என்று இல்லாமல் ஓடும் உரையிலிருந்து எடுக்கும்போது தொப்பிக்குறியை வைத்துக்கொள்ள முடியாது. இடைவெளி, மேற்கோள் குறி, கோண அடைப்பு, காற்புள்ளி ஆகியவற்றையும் தடைப்பட்டியலில் சேர்க்க வேண்டும். உரைக்குள் முகவரி எழுதுபவர்கள் அதைக் கோண அடைப்புக்குள் எழுதுவது நல்லது என்று ஆர்எஃப்சி 3986-இன் மூன்றாம் பின்னிணைப்பு சொல்வது இத்தகைய தொல்லையைத் தவிர்க்கத்தான்.

தமிழ் உரையில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. நாம் வேற்றுமை உருபைப் பெயரோடு ஒட்டி எழுதுகிறோம். ‘உதாரணம்.இந்தியாவில் கிடைக்கும்’ என்று ஒருவர் எழுதினால், எந்த ரீஜெக்ஸாலும் ‘வில்’ என்பது டொமைனைச் சேர்ந்ததன்று என்று அறிய முடியாது. இங்கே பட்டியல்தான் துணை. டொமைன் பெயர்களின் மூலப் பட்டியலைப் பராமரிக்கும் ஐயானா அமைப்பு வெளியிடும் மேல்நிலை டொமைன் பட்டியலில் ‘இந்தியாவில்’ இல்லை, ‘இந்தியா’ இருக்கிறது. ஆகவே பிடிபட்ட கடைசிப் பகுதி, பட்டியலில் உள்ள எந்தப் பெயரோடு தொடங்குகிறது என்று பார்த்து, மிச்சத்தை வெட்டலாம். ‘இலங்கையில்’ என்பதும் இவ்வாறே சரியாகிவிடும். ‘சிங்கப்பூரில்’ என்பது மட்டும் சரியாகாது, ஏனென்றால் உருபு சேரும்போது ‘ர்’ தன் புள்ளியை இழந்து ‘ரி’ ஆகிவிடுகிறது. மெய்யெழுத்தில் முடியும் பெயர்களுக்கு இறுதிப் புள்ளியை நீக்கிவிட்டு ஒப்பிட வேண்டும் என்ற தனி விதியை நீங்களே நிரலில் எழுத வேண்டியிருக்கும்.

அறிகுறி: பெயரின் முதல் எழுத்தைக் காணவில்லை

முன்னால் வரும் மூன்று டபிள்யூக்களையும் புள்ளியையும் நீக்கப் பைத்தானின் எல்ஸ்ட்ரிப்பைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அது கொடுத்த சரத்தை ஒரு முன்னொட்டாகப் பார்ப்பதில்லை. அதிலுள்ள எழுத்துகளில் எது வந்தாலும் உரித்துக்கொண்டே போகும். விக்கிபீடியாவின் முகவரி டபிள்யூவில் தொடங்குவதால் அது தலையிழந்து ஐ எழுத்தில் தொடங்கும். பைத்தான் 3.9 முதல் இருக்கும் ரிமூவ்பிரிஃபிக்ஸைப் பயன்படுத்துங்கள். ரீஜெக்ஸாலேயே நீக்குவதானால், புள்ளிக்கு முன் பின்சாய்கோடு இடுங்கள். வெறும் புள்ளி எந்த எழுத்தோடும் பொருந்திவிடும்.

அறிகுறி: ஆயிரக்கணக்கான தளங்கள் ‘கோ.இன்’ என்ற ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகின்றன

கிளைப்பெயர்களைக் களைந்து பதிவு செய்யப்பட்ட பெயரை மட்டும் பெற, கடைசி இரண்டு பகுதிகளை எடுக்க [^.]+\.[^.]+$ என்று எழுதியிருப்பீர்கள். ‘டாட் காம்’ முகவரிகளுக்குச் சரியாக வரும் இது, இந்தியாவின் ‘கோ.இன்’, இலங்கையின் ‘ஏசி.எல்கே’, பிரிட்டனின் ‘கோ.யூகே’ ஆகியவற்றில் சறுக்கிவிடும், ஏனென்றால் அவற்றின் கீழ் பெயர் பதிவாவது மூன்றாவது படியில். எத்தனை படி என்பது முகவரியின் வடிவத்தில் இல்லை. அந்தந்தப் பதிவகத்தின் முடிவில் இருக்கிறது. ஆகவே இதற்கு எவ்வளவு திறமையான ரீஜெக்ஸை எழுதினாலும் பயனில்லை. மொசில்லா முன்முயற்சியாகத் தொடங்கிப் பராமரிக்கப்படும் பப்ளிக் சஃபிக்ஸ் லிஸ்ட் என்ற, இத்தகைய பொது முடிவுகளின் பட்டியல்தான் வழி. அதில் நட்சத்திரமிட்ட பொது விதிகளும் வியப்புக்குறியிட்ட விலக்குகளும் கலந்திருப்பதால், அதை நீங்களே வாசிக்க முயலாமல், உங்கள் மொழியில் அதற்கென்று இருக்கும் நூலகத்தைப் பயன்படுத்துவதே நல்லது.

அறிகுறி: சோதனைப் பக்கத்தில் சரி, நிரலில் தவறு

பேட்டர்ன் ஒன்றே; அதைப் படிக்கும் இயந்திரம்தான் வேறு. ஜாவாவில் சரத்துக்குள் எழுதும் ஒவ்வொரு பின்சாய்கோட்டையும் இரட்டிக்க வேண்டும். பைத்தானில் சரத்துக்கு முன்னால் ஆர் எழுத்தை இட்டால் அந்தத் தொல்லை இல்லை. உரையைத் திருத்தும் செட் (sed) கட்டளையில் சாய்கோடே பிரிகோடாகவும் இருப்பதால், காற்புள்ளியைப் பிரிகோடாக வைத்துக்கொள்ளுங்கள். வரிகளைத் தேடும் கிரெப் (grep) கட்டளை தன் அடிப்படை வடிவில் கூட்டல் குறியையும் ( ) அடைப்புகளையும் சாதாரண எழுத்துகளாகவே பார்க்கும், விரிவுபடுத்திய வடிவிலும் (?: என்ற தொடக்கத்தை அது அறியாது, மேலும் அங்கே [^\]] என்பதை [^]] என்றுதான் எழுத வேண்டும். கூகுள் ஷீட்ஸில் விடை பல நெடுவரிசைகளில் சிதறினால், தேவைக்கு மேல் குரூப்புகள் இருக்கின்றன என்று பொருள், வேண்டாதவற்றை (?: என்று தொடங்குங்கள். முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பிடிக்காமலே பார்க்கும் உத்திகள் அங்கே வேலை செய்யாது.

அறிகுறி: சில வரிகளில் நிரல் உறைந்து நிற்கிறது

^([^./]+\.?)+/$ போல, கூட்டல் குறிக்குள் இன்னொரு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். புள்ளி விருப்பத்துக்குரியது என்பதால் ஒரே பெயரை எண்ணற்ற விதங்களில் துண்டுபோட முடிகிறது. முடிவில் சாய்கோடு இல்லாத நீண்ட பெயர் வந்தால், தோல்வியை ஒப்புக்கொள்வதற்கு முன் இயந்திரம் அத்தனை விதங்களையும் முயன்று பார்க்கும். பெயர் ஒரு எழுத்து நீண்டால் வேலை ஏறத்தாழ இரட்டிக்கும். 2019 ஜூலை 2 அன்று, பல இணையதளங்களுக்குப் பாதுகாப்பு தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சேவை உலகெங்கும் 27 நிமிடங்கள் பாதிக்கப்பட்டதற்குக் காரணம், அவர்கள் பின்னர் விளக்கியபடி, ஒரு விதியில் .*(?:.*=.*) என்று அடுத்தடுத்து நின்ற நட்சத்திரங்களே.

அந்தப் பேட்டர்னை ^[^./]+(?:\.[^./]+)*/$ என்று மாற்றுங்கள். இப்போது ஒவ்வொரு சுற்றும் கட்டாயம் ஒரு புள்ளியோடு தொடங்க வேண்டியிருப்பதால், ஒரு பெயரைப் பிரிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. இத்துடன் ஒரு முன்தடையையும் வைக்கலாம்: டொமைன் பெயரில் இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒரு பகுதி, டிஎன்எஸ் அறியும் வடிவில், 63 பைட்டுகளுக்கும், முழுப் பெயர் 253 பைட்டுகளுக்கும் மேல் போக முடியாது. ப்யூனிகோடாக மாற்றிய பின் அந்த அளவை மீறும் எதையும் வேறு பேட்டர்ன்களிடம் கொடுக்காமலே ஒதுக்கிவிடலாம்.